போவதற்கு ஐந்து ரூபாய், நிற்பதற்குப் பத்து ரூபாய்

சென்னை மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். அதே ஸ்டேஷனில் எந்த ரயிலிலும் ஏறாமல் சும்மா நிற்க வேண்டும் என்றால் பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய். அதுவும் 2 மணி நேரத்துக்குத்தான். அதாவது போவதற்கு ஐந்து, போகாமல் இருப்பதற்குப் பத்து!

இதை யாரும் கிண்டலுக்காகச் செய்யவில்லை. பெரிய ஸ்டேஷன்களில் ஒருவரை வழியனுப்ப ஒன்பது பேர் வருவது நம்மூர் வழக்கம். அந்தக் கூட்டத்தைக் குறைக்கப் போட்ட விலை அது. ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஸ்டேஷன் என்ற இடத்தைப் பற்றி எல்லோர் மனதிலும் இருக்கும் எண்ணம் அப்படியே தெரிந்துவிடுகிறது. ஸ்டேஷன் என்பது கடந்து போக வேண்டிய இடம். அங்கே ஒருவர் வேலையில்லாமல் இருந்தால் ஏதோ சரியில்லை.

அந்த எண்ணம் தப்பு. சென்னையைத் தெரிந்துகொள்ள மிக மலிவான, மிக நல்ல வழி, ஒரு நாள் முழுக்க எந்த அவசரமும் இல்லாமல் மின்சார ரயிலில் ஏறி ஏறி இறங்குவதுதான். அதைச் செய்கிறவர்களை நகரம் சந்தேகமாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, உட்கார ஒரு பெஞ்ச் போட்டுக் கொடுக்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. தாம்பரத்திலிருந்து சேத்துப்பட்டுக்குக் கல்லூரி வரும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 200 நாள் கல்லூரி என்று வைத்தால், மூன்று வருடப் படிப்பில் போக வர 1200 தடவை அந்தப் பாதையில் பயணம். நடுவே 12 ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றையும் அவர் 1200 தடவை பார்த்திருக்கிறார். "பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கு வெளியே என்ன இருக்கிறது?" என்று கேட்டால், "பழவந்தாங்கல்..." என்று இழுப்பார். அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அவர் பையில் சீசன் டிக்கெட் இருக்கிறது. மாணவர் என்பதால் சலுகை விலையில் வாங்கியது. அதை வைத்துக்கொண்டு நடுவிலுள்ள எந்த ஸ்டேஷனிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். 12 ஊர்களுக்கான அனுமதிச் சீட்டு சட்டைப்பையில் இருந்தும், கல்லூரிக்கும் வீட்டுக்கும் மட்டும் போய் வந்து படிப்பை முடித்துவிடுகிறார் மனிதர். சீசன் இல்லாதவர்களுக்கும் பெரிய நஷ்டமில்லை. குறைந்த தூரச் சீட்டில் நடுவில் இறங்கிவிட்டு அதே சீட்டில் மறுபடி ஏற முடியாது. ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு வாங்க வேண்டும். அப்படி வாங்கினாலும், நாள் முழுக்கச் சுற்றி முடிக்கும்போது டீ, சமோசாவோடு சேர்த்து ஒரு மால் தியேட்டரின் பாப்கார்ன் செலவுகூட ஆகாது.

எங்கே ஆரம்பிப்பது? நியாயமாக ராயபுரத்தில்.

1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜாவுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் வந்தது 1873இல். இப்போதைய எழும்பூர் கட்டிடம் 1908இல். அந்த இரண்டுக்கும் முன்னால், ஊரை விட்டு ரயிலில் போக வேண்டுமென்றால் ராயபுரம்தான் வாசல். உயரமான தூண்களோடு அந்தப் பழைய கட்டிடம் இன்னும் நிற்கிறது. 2005இல் பழுது பார்த்துத் திறந்தார்கள். பம்பாயிலும் தாணாவிலும் இதைவிட முன்னால் ரயில் ஓடியது உண்மை. ஆனால் அந்த முதல் ஸ்டேஷன் கட்டிடங்கள் இப்போது இல்லை, இது இருக்கிறது. சென்ட்ரலின் செங்கல் நிறத்தைச் சினிமாவில் நூறு தடவை பார்த்தவர்கள், ராயபுரத்தில் ஒரே ஒரு தடவை இறங்கிப் பார்க்கலாம். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே. காற்றில் மீன் வாசம் வரும். வெண்டர் பெட்டியில் கூடையோடு ஏறும் பெண்களைப் பார்த்தால், ரயில் என்பது ஆபீஸ் போகிறவர்களுக்காக மட்டும் ஓடவில்லை என்பது புரியும்.

அடுத்தது கடற்கரை ஸ்டேஷன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெயரை நம்பி இறங்கி ஏமாறும் இடம். கடற்கரை ஸ்டேஷனில் கடலும் இல்லை, கரையும் இல்லை! ஆனால் பெயர் பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அலை எதிர்ச் சாலை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. துறைமுகம் கட்டிய பிறகு கடல் தள்ளிப் போய்விட்டது; பெயர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

சென்னையின் ஸ்டேஷன் பெயர்களில் இந்த வேடிக்கை நிறைய. பூங்கா ஸ்டேஷனில் இறங்கிப் பூங்காவைத் தேடினால் கிடைப்பது சென்ட்ரல் எதிரே இருக்கும் வாகன நெரிசல்தான். அங்கே 19ஆம் நூற்றாண்டில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா இருந்தது. அதற்குள் ஒரு மிருகக்காட்சிசாலையும் இருந்தது. அந்த மிருகக்காட்சிசாலைதான் 1985இல் வண்டலூருக்குப் போனது. பூங்கா ஸ்டேஷனில் ஏறி வண்டலூரில் இறங்குகிறவர், புலியும் சிங்கமும் வீடு மாறிய அதே திசையில் பயணம் செய்கிறார். அதே 1985இல்தான் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது. பழைய புத்தகம் தேடிய பல தலைமுறை மாணவர்களுக்குக் கோயில் மாதிரி இருந்த இடம். இன்று கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் பக்கம் போகும் மின்சார ரயில்கள் கிளம்பும் நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். புத்தகக் கடைகள் போய்விட்டன. பெயர் ரயில் அட்டவணையில் மிச்சமிருக்கிறது.

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் ஏன்? அங்கே குரோம் முறையில் தோல் பதனிடும் தொழிற்சாலை இருந்ததால். தாம்பரம் சானடோரியம்? 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக அங்கே ஒரு மருத்துவமனை தொடங்கினார். ஊருக்கு வெளியே, நல்ல காற்று கிடைக்கும் இடம் என்று தேடிப் போனது அந்தக் காலத்தில். இன்றைக்கு அந்த ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று 'நல்ல காற்று' என்று சொன்னால் சிரிப்பார்கள். வடக்கே விம்கோ நகர் என்றால் தீப்பெட்டித் தொழிற்சாலை. மேற்கே பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்றால் ரயில் பட்டறைகள். பட்டாபிராம் பக்கத்தில் இந்துக் கல்லூரி என்றே ஒரு ஸ்டேஷன்.

ராஜாக்கள் பெயரும் தலைவர்கள் பெயரும் தெருக்களுக்கு வைக்கப்படும். ஆட்சி மாறினால் அவையும் மாறும். ஆனால் தோல் பதனிட்டவர்கள், தீக்குச்சி அடுக்கியவர்கள், பட்டறையில் ஷிஃப்ட் பார்த்தவர்கள், நெஞ்சு நோயோடு படுத்திருந்தவர்கள் ஆகியோரின் ஞாபகத்தை இந்த நகரம் எங்கே வைத்திருக்கிறது? மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில், மூன்று மொழிகளில், பிளாட்பாரத்தின் இரண்டு முனையிலும்.

பல்லாவரத்தில் கட்டாயம் இறங்க வேண்டும். 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இங்கே ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்கான ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் சூடு பிடித்தது. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக இதைப் படித்துவிட்டு, அதே பல்லாவரத்தை மூன்று வருடம் தூங்கிக்கொண்டே கடந்து போகிறவர்கள் ஏராளம். குன்று இன்னும் இருக்கிறது. ரயிலின் ஜன்னலிலிருந்தே தெரிகிறது.

தாம்பரம் தாண்டினால் ரயிலின் சுபாவமே மாறிவிடும். கூட்டம் குறையும். ஸ்டேஷன்களுக்கு நடுவே தூரம் கூடும். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, சிங்கப்பெருமாள் கோயில், பரனூர். எது நகரம், எது கிராமம் என்று சொல்ல முடியாத ஒரு கலவை. ஒரு பக்கம் அடுக்குமாடி, அடுத்த பக்கம் மாடு. கடைசியில் செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால், பாதையை ஒட்டியே கொளவாய் ஏரி விரிகிறது. அதுவரைக்கும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்கூட அந்த ஒரு நிமிடம் தலையைத் தூக்குவார்கள். கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர். கடல் இல்லாத கடற்கரையில் கிளம்பியவருக்குக் கடைசியில் தண்ணீர் கிடைத்துவிடுகிறது!

இந்தப் பாதையில் 1931இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. மீட்டர் கேஜ் பெட்டிகள் 2004 வரைக்கும் ஓடின. 2025 ஏப்ரலில் ஏ.சி. மின்சார ரயிலும் வந்துவிட்டது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். மே மாத வெயிலில் அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்டேஷன் பார்க்கக் கிளம்பியவருக்குச் சாதாரண ரயில்தான் சரி. கதவு மூடிய பெட்டியில் மீன் வாசமும் வராது, ஏரிக் காற்றும் வராது.

சாயங்காலத்துக்குப் பறக்கும் ரயில். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி என்று தவணை முறையில் வளர்ந்த பாதை. பல இடங்களில் அதன் தூண்கள் பக்கிங்காம் கால்வாயிலேயே ஊன்றப்பட்டிருக்கின்றன. படகு போன கால்வாயின் தலைக்கு மேல் ரயில் போகிறது. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானம் ஜன்னலுக்குப் பக்கத்தில் வரும். அதைத் தாண்டினால் மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் சட்டைகள். தெருவிலிருந்து பார்த்தால் முகம் மட்டும் காட்டும் வீடுகள், பறக்கும் ரயிலுக்கு முதுகைக் காட்டும்.

ஆனால் சந்தோஷம் அதோடு நின்றுவிடுகிறது. பறக்கும் ரயில் ஸ்டேஷன்களில் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் மனசு கனத்துவிடும். கல்யாண மண்டபம் மாதிரி பிரம்மாண்டமான கூடங்கள், மாடி மாடியாக. ஆனால் கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. பல ஸ்டேஷன்களில் தளம் தளமாகக் காலி. இருட்டு. தூசி. டிக்கெட் கவுண்டரிலிருந்து பிளாட்பாரம் வரைக்கும் ஆள் நடமாட்டமில்லாத படிக்கட்டுகள். இத்தனை சிமெண்ட் கொட்டிக் கட்டியவர்கள், இங்கே மனிதர்கள் வந்து என்ன செய்வார்கள் என்று யோசிக்கவே மறந்துவிட்டார்களோ என்று தோன்றும்.

இன்னொரு பக்கம், இதே நகரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் உட்கார இடமில்லாமல் பூங்கா பூங்காவாக அலைகிறார்கள். அறையில் நான்கு பேரோடு தங்கியிருக்கும் மாணவருக்குப் படிக்க ஒரு மேஜை கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்து வைக்க ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. நாலு டியூப்லைட், பத்து மேஜை, குடிதண்ணீர், ஒரு காவலர். ஒரு ஸ்டேஷனின் ஒரு தளத்தில் ஆரம்பித்தால் போதும்.

இந்தத் தடத்தை மெட்ரோவோடு இணைப்பது பற்றிய பேச்சு பல வருடங்களாக நடந்து வந்திருக்கிறது. கைமாறும்போது அந்தக் காலி இடங்களுக்குக் கட்டாயம் ஒரு விலை போடுவார்கள். சதுர அடிக்கு இவ்வளவு வாடகை என்று. கடைகள் வரட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லாமே கடை ஆகிவிட்டால், காசு செலவழிக்காமல் உட்கார இந்த நகரத்தில் மிச்சமிருப்பது எது? காபி ஷாப்பில் உட்கார காபி வாங்க வேண்டும். மாலில் உட்காரவும் ஓரளவு நல்ல சட்டை வேண்டும். சென்னையில் அழுக்குச் சட்டைக்காரரும் ஐ.டி. கம்பெனிக்காரரும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடற்கரை மணல் ஒன்று. ஸ்டேஷன் இன்னொன்று. இப்போது ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கும் வேலையும் மும்முரமாக நடக்கிறது. 2025 மே மாதம் நாடு முழுவதும் ஒரே நாளில் திறக்கப்பட்ட 103 புதுப்பித்த ஸ்டேஷன்களில் பரங்கிமலையும் ஒன்று. முகப்பு பளபளவென்று இருப்பது நல்லதுதான். ஆனால் புது ஸ்டேஷனை அளக்க வேண்டிய அளவுகோல் முகப்பு இல்லை. நிழலில் எத்தனை பெஞ்ச், கழிப்பறை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறதா. இந்த மூன்று கேள்விகள்தான்.

எதிர்ப்பக்கத்து வாதங்களும் இருக்கின்றன. முதலாவது, ஏற்கெனவே பிதுங்கி வழியும் ரயிலில் வேலை இல்லாதவர்களும் ஏறினால் என்ன ஆகும் என்பது. நியாயமான கேள்வி. காலை எட்டு மணிக்கு மாம்பலத்தில் நின்று கட்டிட அழகை ரசிக்க நினைப்பவர், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் தானாகவே அடித்துச் செல்லப்படுவார். அது ஊர் சுற்றுகிறவருக்கான நேரமே இல்லை. பதினோரு மணிக்கு மேல், நாலு மணிக்குள் அதே ரயிலில் கால் நீட்டி உட்காரலாம். ஓடத்தான் போகிற ரயில், காலியாக ஓடுவதைவிட ஆளோடு ஓடட்டுமே.

இரண்டாவது வாதம் பாதுகாப்பு. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆணை யாரும் கண்டுகொள்வதில்லை. அதே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் பத்துப் பார்வை. 2016இல் நகரின் நடுவே ஒரு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் காலை நேரத்தில் ஒரு இளம்பெண் கொலை செய்யப்பட்டபோது, அங்கே கண்காணிப்புக் காமிராகூட இல்லை என்பது தெரிந்து ஊரே அதிர்ந்தது. 'ஜாலியாக இறங்கிச் சுற்றலாம்' என்று எழுதுவது ஆண்களுக்குச் சுலபம். அந்தச் சுலபம் எல்லோருக்கும் கிடைக்காதவரை இந்த ஊர் சுற்றலும் பாதிப் பேருக்கான சலுகைதான்.

ஆனால் அதற்குப் பதில் "வேலை முடிந்தால் கிளம்பு" என்பது இல்லை. காமிரா வேண்டும், காவலர் வேண்டும், வெளிச்சம் வேண்டும். கூடவே, ஸ்டேஷனில் நாள் முழுக்க இருக்கிறவர்களும் வேண்டும். பழக்கடை அம்மா, டீக்கடைக்காரர், செருப்புத் தைக்கிறவர், பேப்பர் விற்கிறவர். யார் புதிது, எந்தப் பெண்ணின் பின்னால் யார் மூன்று நாளாக வருகிறார் என்பதெல்லாம் காமிராவுக்கு முன்னால் அவர்கள் கண்ணில்தான் படும். ஸ்டேஷனைச் சுத்தப்படுத்துவதாக நினைத்து முதலில் அவர்களைத்தான் கிளப்பி விடுகிறார்கள்.

மூன்றாவது வாதம்தான் வீட்டில் கேட்பது. "படிக்கிற பையன் இப்படி ரயில் ரயிலாச் சுத்தினா உருப்பட முடியுமா?" இதற்கு வாயால் பதில் சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்தப் பையனையோ பெண்ணையோ ஒரு நாள் இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய கட்டிடம், துறைமுகம் தள்ளி வைத்த கடல், எரிந்துபோன சந்தை, வீடு மாறிய மிருகக்காட்சிசாலை, கற்காலக் கோடரி கிடைத்த ஊர், காலியாகக் கிடக்கும் சிமெண்ட் மாளிகைகள் என்று அத்தனையும் பார்த்துவிட்டு வருகிற பிள்ளை கொஞ்சமாவது கேள்வி கேட்கும். "ஏன் இதை இங்கே கட்டினார்கள்? ஏன் அதை அங்கே மூடினார்கள்?" படிப்பு என்பது அதுதானே.

ரயில்வே பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. மும்பை புறநகர் ரயிலில் இருக்கும் 1, 3, 5 நாள் சுற்றுலாச் சீட்டு மாதிரி, நாள் முழுக்க ஏறி இறங்க ஒரே சீட்டு என்று சென்னையின் ஒவ்வொரு கவுண்டரிலும் கண்ணில் படும்படி எழுதி விற்கலாம். ஒவ்வொரு பெயர்ப் பலகைக்குக் கீழேயும் இந்த ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்று இரண்டு வரி எழுதி வைக்கலாம். பெயின்ட் செலவுதான்.

மாணவர்கள் செய்ய வேண்டியது இன்னும் சின்னது. பரீட்சை முடிந்த அன்று, மத்தியான ரயிலில், வீட்டுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் இறங்கினால் போதும். கேட் தாண்டி ஒரு டீ. தெருவில் ஒரு நடை. பெஞ்சில் கொஞ்ச நேரம். அடுத்த ரயில் போகட்டும், அதற்கடுத்ததும் போகட்டும்.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டு, "என்னப்பா, இங்க என்ன வேலை?" என்று கண்டிப்பாகக் கேட்பார். "சும்மாதான் அண்ணே, ஊர் பார்க்க வந்தேன்" என்று கூச்சப்படாமல் சொல்லலாம். அது அவருடைய ஊரும்தான். அவரும் இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்.